பச்சைப் படல்: கொல்லைக்கு மறைப்பு, சட்டிக்குக் காய்

கிராமத்துப் பக்கம் போறப்ப வீடுகளோட கொல்லைப்புறத்தைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. குளிக்கிற இடத்தைச் சுத்தி என்ன கட்டியிருக்காங்க? பாதி வீட்டுல பழைய பிளக்ஸ் பேனர்தான். காதுகுத்து அழைப்பு, கண்ணீர் அஞ்சலி, கட்சிக் கூட்டம் எல்லாம் கடைசியா வந்து சேர்ற இடம் நம்ம கொல்லைதான். ரெண்டு கோடை வெயில் பட்டா அது நொறுங்கி, பொடிப்பொடியா மண்ணுல உதிரும். அந்த மண்ணுலதான் நாம கீரை விதைக்கிறோம்.

முப்பது நாப்பது வருசத்துக்கு முன்னால இந்த இடத்துல தென்னங்கீத்துப் படலோ, பனையோலைப் படலோ, விளார் படலோ இருந்துச்சு. வருசத்துக்கு ஒரு தடவை மாத்தணும். பழைய படல் அடுப்புக்கோ குப்பைக்குழிக்கோ போயிரும், மண்ணுக்கு ஒரு கெடுதலும் இல்லை. இன்னிக்குக் கீத்து முடைய ஆள் இல்லை. அதனால பிளக்ஸ், பச்சை வலை, தகரம். கையில காசு இருந்தா ஹாலோ பிளாக் சுவர்.

மறைவு வேணும்ங்கிறது ஆடம்பரத் தேவை கிடையாது. ரோடு அகலமாகி வீட்டு வாசலை ஒட்டி வந்துருச்சு. பக்கத்துக் காடு மனைப்பிரிவா மாறி மாடி வீடு எழும்பிருச்சு. வெளிச்சம் வர்றதுக்கு முன்னால எழுந்து குளிச்சு முடிக்கிற பெண்கள் இன்னும் எத்தனையோ ஊர்ல இருக்காங்க. களையெடுக்க, கதிரறுக்க வர்ற பெண்களுக்குச் சேலை மாத்தவும், ஒதுங்கவும், குழந்தைக்குப் பால் கொடுக்கவும் ஒரு மறைவான மூலை எத்தனை பண்ணையில இருக்கு? "இயற்கைப் பண்ணை"ன்னு பலகை வைக்கிறதுக்கு முன்னால நாம யோசிக்க வேண்டிய கேள்வி இது.

இந்தத் தேவைக்கு நம்ம கையிலேயே இருக்கிற விடைதான் கொடி ஏத்துன பச்சைப் படல். மறைப்பும் கிடைக்கும், காயும் கிடைக்கும். முல்லைக்குப் பாரி தேரையே கொடுத்தான்னு சொல்லுவாங்க. நாம நாலு கம்பும் கொஞ்சம் கயிறும் கொடுத்தாப் போதும். ஆனா பந்தல் போடுறதுக்கும் மறைப்புப் படல் போடுறதுக்கும் சில அடிப்படை வித்தியாசங்கள் இருக்கு. அதைத் தெரிஞ்சுக்காம போட்டா, உச்சியில இலை மண்டிக்கிடக்கும், இடுப்புக்குக் கீழே ஊரே தெரியும்.

சுவர் செய்யாததைப் படல் செய்யும்

கல் சுவர் காத்தைத் தடுத்துரும்னு நினைக்கிறோம். உண்மையில காத்து சுவர் மேல ஏறிக் குதிச்சு, அந்தப் பக்கம் சுழலடிக்கும். சுவரை ஒட்டி வச்ச வாழை கிழியறதுக்கு அதுவும் ஒரு காரணம். இலைப் படல் காத்தைப் பாதி உள்ளே விட்டுப் பாதியை வடிகட்டும். பாதிக்குப் பாதி இடைவெளி இருக்கிற வேலிதான் காத்தோட வேகத்தை நல்லாக் குறைக்கும். அப்படி ஒரு வேலி இருந்தா, அதோட உயரத்தைப் போல சுமார் பத்து மடங்கு தூரம் வரைக்கும் பலன் தெரியும். 6 அடி படலுக்குப் பின்னால 60 அடி வரைக்கும் கத்தரியும் தக்காளியும் அலைக்கழியாம நிற்கும்.

இன்னொன்னு, சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கி ராத்திரியில சூட்டை வெளியே விடும். வீட்டோட மேற்குப் பக்கம் ஒரு கொடிப் படல் இருந்தா சாயங்கால வெயில் சுவர்ல படாது. இலை வழியா நீர் ஆவியாகிறதால அந்த இடமே குளுமையா இருக்கும்.

பார்வைக்கும் இதே கணக்குதான். ஒரு அடி கனத்துக்கு இலை நிறைஞ்சிருந்தா ரோட்டுல போறவங்களுக்கு உள்ளே எதுவும் தெரியாது. ஆனா உள்ளே படலை ஒட்டி நிற்கிறவங்களுக்கு, கேட்டுக்கு வெளியே யார் வர்றாங்கன்னு இலை இடுக்கு வழியாத் தெரியும். சுவர் இந்த வசதியைத் தராது.

கொடி எப்படி ஏறுதுன்னு முதல்ல பாருங்க

எல்லாக் கொடியும் ஒரே மாதிரி ஏறாது. கொழுகொம்பு சரியா அமையாட்டி கொடி தரையிலேயே புரளும்.

தண்டாலேயே சுத்தி ஏறுறது ஒரு வகை. அவரை, சிறகவரை, வாளவரை, சங்குப்பூ, கொடிப்பசலை, வள்ளிக்கிழங்கு, முல்லை எல்லாம் இதுல வரும். இதுங்களுக்கு நேர் நிமிர்ந்த கம்போ கயிறோ வேணும். கைத்தடி கனம் இருந்தாக்கூடச் சுத்திக்கும். குறுக்குக் கம்பி மட்டும் கட்டிவச்சா வழி தெரியாம ஆடிக்கிட்டு நிற்கும்.

பற்றுக்கம்பி விட்டுப் பிடிச்சு ஏறுறது ரெண்டாவது வகை. பாகல், பீர்க்கு, புடலை, சுரை, கோவை, முடக்கத்தான், பிரண்டை. இந்தப் பற்றுக்கம்பி சுருள் மாதிரி மெல்லிசா இருக்கிறதால தடிச்ச மூங்கிலைப் பிடிக்க முடியாது. கயிறு, கம்பி, விளார் மாதிரி மெல்லிசான பிடிமானம் வேணும். மூங்கில்ல ஏறலைன்னா சணலைச் சுத்திவிடுங்க, தானா ஏறிரும்.

கணுவுல வேர் விட்டு ஒட்டி ஏறுறது மூணாவது வகை. வெற்றிலையும் மிளகும் இப்படித்தான். அதனாலதான் கொடிக்கால்ல வெற்றிலைக்கு அகத்தியைத் துணைமரமா வளர்க்குறாங்க. இந்த வகைக்கு உயிர் மரம்தான் நல்லது. காரை பூசின சுவர்ல ஏத்தாதீங்க.

நாலாவது, முள்ளால மாட்டி ஏறுறது. தூதுவளை, காகிதப்பூ. இதுங்களை நாமதான் தூக்கிக் கட்டிவிடணும். கட்டிட்டா ஆடு மாடு பக்கத்துல வராது.

40 அடிக்கு ஒரு படல்

கணக்குக்காக 40 அடி நீளம், 6 அடி உயரம்னு வச்சுக்குவோம். 8 அடிக்கு ஒரு கம்பம்னா 6 கம்பம் வேணும். ஒவ்வொண்ணும் 8 அடி நீளம். 2 அடி மண்ணுக்குள்ள, 6 அடி வெளியே. சவுக்கு, முத்தின மூங்கில், பழைய கல்தூண் எது கிடைச்சாலும் சரி. மரக்கம்பா இருந்தா மண்ணுக்குள்ள போற பாகத்தையும் அதுக்கு மேல அரை அடியையும் தீயில வாட்டிக் கரியாக்குங்க. கரியான தோலைக் கரையான் சீக்கிரம் தொடாது. இது நம்ம முன்னோர் செஞ்ச வேலைதான்.

ரெண்டு கடைசிக் கம்பத்துக்கும் உள்பக்கமா சாய்வு முட்டு கொடுக்கணும். கம்பி இழுக்கிற பாரம் முழுக்க இந்த ரெண்டு கம்பத்து மேலதான் வரும். முட்டு இல்லாம போட்ட படல் முதல் ஆடிக் காத்துலயே சாயும்.

உச்சியில ஒண்ணு, நடுவுல ஒண்ணு, தரையிலிருந்து ஒரு அடி உயரத்துல ஒண்ணுன்னு மூணு வரிசை கம்பி. மூணுக்கும் சேர்த்து, சுத்திக்கட்டுற நீளத்தோட, 140 அடி ஆகும். உச்சிக் கம்பி 12 கேஜ் இருந்தா நல்லது, மத்த ரெண்டும் 14 கேஜ் போதும். அடிக்கு ஒரு நேர்கயிறு கட்டுனா 41 கயிறு. முடிச்சுக்கு ஒரு அடி சேர்த்து ஆளுக்கு 7 அடின்னா 287 அடி. 300 அடி தேங்காய்நார்க் கயிறு வாங்கிக்குங்க.

நைலான் வலை சுலபமா இருக்குமேன்னு கேட்பீங்க. சின்னக் கண்ணு நைலான் வலையில சாரைப்பாம்பும் ஓணானும் சிக்கிச் சாகும். எலியையும் பூச்சியையும் பிடிக்கிற கூலியில்லா வேலையாளுங்க அவங்க. அதோட காய்ஞ்ச கொடியை வலையிலிருந்து பிரிக்கிறது பெரிய தலைவலி. நார்க்கயிறுன்னா கொடியோட சேர்த்து அறுத்து அப்படியே குப்பைக்குழியில போட்டுறலாம்.

எந்தத் திசையில போடுறதுன்னு நமக்கு விருப்பம் இருந்தா, வடக்கு தெற்கா ஓடுற படலுக்கு முதலிடம். காலையில ஒரு முகத்துக்கும் மாலையில ஒரு முகத்துக்கும் வெயில் கிடைக்கும், ரெண்டு பக்கமும் காய்க்கும். கிழக்கு மேற்கா போட்டா மார்கழி மாச உச்சி வெயில்லயே 6 அடி படலோட நிழல் வடக்குப் பக்கம் 4 அடிக்கு விழும். அந்த நாலடியில நிழல் தாங்குற இஞ்சி, மஞ்சள், சேம்பு, கொடிப்பசலைன்னு வச்சுக்கலாம். தோட்டம் பக்கத்துக்காரருடையதா இருந்தா, நிழல் அவர் பயிர்ல விழுமான்னு பார்த்துட்டு எல்லையிலிருந்து தள்ளிப் போடுங்க.

கம்பமே உயிரா இருந்தா?

நட்ட கம்பம் மூணு நாலு வருசத்துல உளுத்துப்போகும். போத்து நட்டா வருசம் ஆக ஆகப் பலம் கூடும். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பார்த்தவங்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. முள்கிளுவை வேலிதான் அந்த மேய்ச்சல் நிலத்துக்கே காவல். யாழ்ப்பாணத்துல இந்த உயிர்க்கம்பத்துக்குக் 'கதியால்'னு பேரு. கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியால் நட்டு, இடையில பனையோலையோ கிடுகோ வச்சுக் கட்டுறது அங்கே வீட்டு மறைப்புக்கான வழக்கம்.

நாம கிளைரிசிடியா, கல்யாண முருங்கை, கிளுவை, பூவரசு, முருங்கை இதுல எது உள்ளூர்ல சுலபமாப் பிடிக்குதோ அதை எடுத்துக்கலாம். மணிக்கட்டு கனம், 6 அடி நீளம், அடிப்பக்கம் சாய்வா வெட்டு, மேல்பக்கம் வெட்டுல சாணி உருண்டை. மழைக்கு முன்னால ஒன்றரை அடி ஆழத்துல நட்டு மண்ணை நல்லா மிதிச்சு இறுக்கணும்.

ஒரு விசயத்துல கவனம் வேணும். முதல் வருசம் போத்து மேல கொடியை ஏத்தாதீங்க. அப்பத்தான் விட்ட துளிரை இலை மூடிட்டா போத்து வெளிச்சம் கிடைக்காமச் செத்துப்போகும். முதல் வருசம் இடையில தற்காலிக மூங்கில் நட்டு அதுல கொடியை விடுங்க. ரெண்டாம் வருசத்துலிருந்து போத்தையே கம்பமா வச்சுக் கயிறு கட்டலாம். கிளைரிசிடியாவையும் கல்யாண முருங்கையையும் வருசத்துக்கு ரெண்டு மூணு தடவை கழிச்சுவிட்டா தழையுரமும் ஆச்சு, ஆட்டுக்குத் தீவனமும் ஆச்சு.

எந்தக் கொடி எதுக்கு?

சீக்கிரம் மறைப்பு வேணும்னா பீர்க்கு. நல்ல மண்ணுல ஒன்றரை மாசத்துல உச்சிக் கம்பியைத் தொடும், அப்பவே பூவும் காட்டும். அடுத்து பாகல், புடலை. ஆனா இதுங்களோட ஆயுசு நாலு அஞ்சு மாசம்தான். அதுக்கப்புறம் அடியிலிருந்து காய ஆரம்பிக்கும்.

வருசம் முழுக்கப் பச்சையா நிற்க வேணும்னா கோவைக்காய். தண்டைக் குச்சியா வெட்டி நட்டாப் போதும், மூணு நாலு வருசம் நிற்கும். காய்க்கிற கொடியிலிருந்துதான் குச்சி எடுக்கணும். கோவையில ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. ஆண் கொடியை வச்சா வெறும் பூதான். 6 அடிக்கு ஒண்ணு வச்சாலே 40 அடி மூடிரும்.

அவரைக்கு ஈடு இணை கிடையாது. நாட்டுப் பந்தல் அவரையை ஆடியில போட்டா, பகல் குறையுற கார்த்திகை மார்கழியில பூத்து, மாசி வரைக்கும் காய்க்கும். அதையே தையில போட்டா இலையா மண்டும், காய் அடுத்த பனிக்குத்தான். காய்க்காகப் போடுறவங்களுக்கு இது நட்டம். மறைப்புக்காகப் போடுறவங்களுக்கு அந்த இலையே போதும். சிறகவரையும் பனிக்காலத்துலதான் பூக்கும். மண்ணுக்குள்ள கிழங்கு தங்கி அடுத்த மழைக்குத் துளிர்க்கும்.

கீழ்ப்பக்கம் மூட கொடிப்பசலையும் சங்குப்பூவும். பசலைக்குக் கொஞ்சம் நிழல் இருந்தாலும் பரவாயில்லை. கிள்ளக் கிள்ளத் தழையும். சங்குப்பூ பயறு வகைச் செடி, வேர் முடிச்சு வழியா மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். விதைத்தோல் கெட்டியா இருக்கிறதால சொரசொரப்பான தரையில லேசா உரசிட்டு ஊறவச்சு நட்டா ஒரே சீரா முளைக்கும்.

மூலிகைக்குத் தூதுவளை, முடக்கத்தான், பிரண்டை. முடக்கத்தான் ஒரு தடவை விதைச்சா அப்புறம் தானா விழுந்து தானா முளைக்கும். சீந்தில் எந்த வறட்சியும் தாங்கும். ஆனா கோடையில இலையை உதிர்த்துரும். மறைப்பு அதிகமாத் தேவைப்படுற நேரத்துல மொட்டையா நிற்கும். அதனால மருந்துக்கு ஒண்ணு வைங்க, மறைப்புக்கு அதை நம்பாதீங்க.

வைக்கக் கூடாததும் இருக்கு. செங்காந்தள் நம்ம மாநிலப் பூ, கண்ணைப் பறிக்கும். ஆனா கிழங்கிலிருந்து விதை வரைக்கும் விசம். குன்றிமணி விதையும் உயிரைக் குடிக்கக்கூடியது, அதுவும் பளபளன்னு சிவப்பா இருக்கிறதால குழந்தைங்க வாயில போட்டுருவாங்க. வீட்டுக் கொல்லையிலயும் தொழுவத்துப் பக்கமும் இந்த ரெண்டும் வேண்டாம்.

இடுப்புக்குக் கீழே மொட்டையாகாம இருக்க

பந்தல்ல நாம என்ன செய்றோம்? கொடி பந்தலைத் தொடுற வரைக்கும் பக்கக் கிளையெல்லாம் கிள்ளி ஒத்தைக் கொடியா மேல அனுப்புறோம். மறைப்புப் படலுக்கு இதை அப்படியே தலைகீழாச் செய்யணும். கொடி 2 அடி உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்க. மூணு நாலு பக்கக்கிளை வெடிக்கும். அதை இடமும் வலமுமா அடிக் கம்பியில படர விடுங்க. ஒரு கிளையை மட்டும் மேலே அனுப்புங்க; அது நடுக் கம்பியைத் தாண்டினதும் மறுபடி கிள்ளுங்க. இதனால முதல் காய் பத்துப் பதினஞ்சு நாள் தள்ளிப்போகலாம். ஆனா அடியிலிருந்து உச்சி வரைக்கும் இலை இருக்கும்.

ரெண்டாவது, கொடியை மட்டும் நம்பாம அடியில ஒரு வரிசை குத்துச்செடி வைங்க. வீட்டுப் பக்கம் தவசிக்கீரையும் செம்பருத்தியும். வெளிப்பக்கம் ஆடாதொடையும் நொச்சியும். ஆடு தொடாததால ஆடாதொடைன்னு நம்ம பெரியவங்க பேர் வச்சது சும்மா இல்லை. வெளியே இந்த வரிசை இருந்தா உள்ளே இருக்கிற அவரைக்கும் பசலைக்கும் ஆடு எட்டாது.

மூணாவது, ஒரே நேரத்துல ஒரே கொடியை முழு நீளத்துக்கும் போடாதீங்க. காயறப்ப மொத்தமாக் காய்ஞ்சு மறைப்பு ஒரே வாரத்துல போயிரும். 40 அடிக்குக் கோவை 6 அடிக்கு ஒண்ணா நிரந்தரமா நிற்கட்டும். இடையில ஆடிப்பட்டத்துக்கு அவரையும் புடலையும், தைப்பட்டத்துக்குப் பீர்க்கும் பாகலும்னு மாத்தி மாத்திப் போடுங்க. பழைய கொடி மஞ்சளாகுறதுக்கு ஒரு மாசம் முன்னாலேயே பக்கத்துக் குழியில அடுத்த விதை விழணும். அப்பத்தான் ஒண்ணு இறங்குறப்ப இன்னொண்ணு ஏறியிருக்கும்.

குழி ஒன்றரை அடி சதுரம், ஒன்றரை அடி ஆழம். மேல்மண்ணோட மக்கின தொழுவுரம், ரெண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கம்பத்தை ஒட்டாம ஒரு அடி தள்ளி எடுங்க. விதையைப் பீஜாமிர்தத்துல நேர்த்தி செஞ்சு ஊனுங்க. முளைச்சதும் மூடாக்கு போட்டா தண்ணிச் செலவு பாதியாக் குறையும்.

குளிக்கிற தண்ணியைப் படலுக்கு விடலாமான்னு பலபேர் கேட்குறாங்க. விடலாம், நேரா விடாதீங்க. சோப்புத் தண்ணி முதல்ல கல்வாழையும் சேம்பும் வச்ச ஒரு சின்ன மணல் ஜல்லிப் பாத்தியில இறங்கி, அதைத் தாண்டித்தான் கொடியோட வேருக்குப் போகணும். துணி துவைக்கிற சோடாத் தண்ணி வேண்டவே வேண்டாம். கீரை இலையில படுற மாதிரியும் விடாதீங்க.

பக்கத்துக் காட்டுல மருந்தடிச்சா

எல்லையில போடுற படலுக்கு வேற கணக்கு. பக்கத்துல மருந்தடிக்கிற காடு இருந்தா, காத்துல வர்ற துளியை முதல்ல வாங்குறது இந்த இலைதான். அதுக்காகத்தான் அதை வைக்கிறோம். அப்படின்னா அந்தப் படல்ல காய்க்கிறதை நாம சாப்பிடக் கூடாது, விற்கவும் கூடாது. எல்லைப் பக்கம் பாகலும் அவரையும் ஏத்தி, அதை "இயற்கைக் காய்"னு சந்தைக்குக் கொண்டுபோனா நம்பி வாங்குறவங்களுக்குச் செய்ற துரோகம் அது. சான்றிதழ் முறையிலயும் எல்லையில ஒரு தடுப்புப் பகுதி விடணும். அதுல விளைஞ்சதைத் தனியா வைக்கணும், இயற்கை விளைபொருளோட கலக்கக் கூடாது.

அதனால எல்லைப் படல்ல உணவுக்கு ஆகாததை வைங்க: கிளைரிசிடியா, நொச்சி போத்து, அது மேல காகிதப்பூவோ ரங்கூன் மல்லியோ. அந்தத் தழையை அந்தப் பருவத்துல ஆட்டுக்குப் போடாதீங்க, உள்பாத்திக்கு மூடாக்காவும் கொண்டுவராதீங்க. கழிச்ச தழை அங்கேயே விழுந்து மக்கட்டும். நாம சாப்பிடுற கொடிக்கு ரெண்டாவது படல், உள்ளே தள்ளி.

கொடி இன்னொரு வேலையும் செய்யும். நெல்லுக்கும் சோளத்துக்கும் அடிக்கிற 2,4-டி மாதிரி களைக்கொல்லி காத்துல வந்தா, அகல இலைச் செடிங்கதான் முதல்ல காட்டிக்கொடுக்கும். அவரை, பூசணி வகைக் கொடிகளோட நுனி முறுக்கிக்கும், இளம் இலை கிண்ணம் மாதிரி குவியும். வைரஸ் நோய்னு நினைச்சுக் கரைசலா அடிச்சுக்கிட்டு இருக்காதீங்க. எல்லைப் பக்கம் மட்டும் அதிகமாவும், உள்ளே போகப் போகக் குறைவாவும் இருந்தா அது காத்துல வந்தது. தேதியோட படம் எடுத்து வச்சுக்குங்க.

சண்டைக்குப் போறதுல பலன் இல்லை. "அண்ணே, நீங்க மருந்தடிக்கிற அன்னிக்கு முதல் நாள் ஒரு போன் போடுங்க. காத்தில்லாத காலை நேரத்துல அடிச்சீங்கன்னா உங்க மருந்தும் உங்க காட்டுலயே நிற்கும்"னு பேசிப் பாருங்க. மருந்து காத்துல போனா அவருக்கும் காசு நட்டம்தானே. பருவத்துக்கு நாலு பீர்க்கங்காய் வேலி தாண்டிப் போனா பேச்சு இன்னும் சுலபமாகும். எல்லைப் படல்ல காய்ச்சதைக் கொடுத்துறாதீங்க, உள்படல்ல பறிச்சது!

பாம்பு வராதா? காத்து தூக்காதா?

கொடி வச்சா பாம்பு வரும்னு பயப்படுறவங்க நிறைய. பாம்பு இலைக்காக வராது, எலிக்கும் தவளைக்கும்தான் வரும். எலி குப்பைக்கும் சிந்துன தானியத்துக்கும் வரும். படலோட அடியில ஒரு முழம் வரைக்கும் தரை தெரியுற மாதிரி சுத்தமா வைங்க. மறைப்புக் குறையாது, குத்துச்செடி வரிசை பார்த்துக்கும். விறகு, ஓடு, செங்கல் எதையும் படலை ஒட்டி அடுக்காதீங்க. வீட்டுச் சுவருக்கும் படலுக்கும் நடுவுல ஒரு ஆள் போற வழி விடுங்க, ஜன்னல்ல கொடி ஏற விடாதீங்க. கொடியில தொங்குற பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும்ங்கிறது கட்டுக்கதை. அதோட விசம் மனுசனைக் கொல்லாது. அடிக்காம விட்டுருங்க.

காத்து விசயத்துல அலட்சியம் கூடாது. இலை மண்டின 40 அடி படல் 240 சதுர அடி பாய்மரம் மாதிரி. ஆடிக்கு முன்னால முட்டையும் முடிச்சையும் ஒரு தடவை சரிபாருங்க. புயல் எச்சரிக்கை வந்தா நேர்கயிறை மேல் கம்பியிலிருந்து அவிழ்த்துக் கொடியைத் தரையில சாய்ச்சுருங்க. காய் கொஞ்சம் போகும், கம்பம் பிழைக்கும். மாடித் தோட்டத்துல வைக்கிறவங்க 5 அடிக்கு மேல போகாதீங்க. தண்ணித் தொட்டிக் குழாயில கயிறு கட்டாதீங்க. கைப்பிடிச் சுவருக்கு உள்ளேயே, சாய்ஞ்சாலும் மாடிக்குள்ளேயே விழுற மாதிரி நிறுத்துங்க.

பூச்சியில பாகலுக்கும் பீர்க்குக்கும் பெரிய எதிரி பழ ஈ. குத்துப்பட்டு விழுந்த பிஞ்சை அன்னன்னிக்குப் பொறுக்கி ஆழமாப் புதைச்சாலே அடுத்த தலைமுறை பாதி குறையும். பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டலாம். அவரையில அசுவினி வந்தா விடியற்காலைப் பனி ஈரத்தோட சலிச்ச சாம்பலைத் தூவுங்க. அடங்கலைன்னா 5 சதம் வேப்பங்கொட்டைக் கரைசல். சாம்பல் நோய்க்குப் புளிச்ச மோர். பத்து லிட்டருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை கொடுத்தா இலை கருகருன்னு நிற்கும். மறைப்புக்கு நமக்கு வேண்டியதும் அந்த இலைதானே.

எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

40 அடியும் ஒரே நாள்ல போடத் தேவையில்லை. முதல்ல குளிக்கிற இடத்தைச் சுத்தி 10 அடி. எந்தப் பக்கம் பார்வை விழுது, எவ்வளவு உயரம் வேணும்னு வீட்டுப் பெண்களைக் கேட்டு முடிவு பண்ணுங்க. அவங்களுக்குத்தான் தெரியும். அடுத்து, வயல்ல மோட்டார் ரூமுக்குப் பின்னால வேலைக்கு வர்றவங்களுக்கு ஒரு மறைவான மூலை: மூணு பக்கம் படல், ஒரு வாளி, ஒரு கொக்கி. மூணாவதுதான் ரோட்டோரம்.

பழைய பிளக்ஸை இன்னிக்கே பிடுங்கி எறிஞ்சுறாதீங்க. அது இருக்கட்டும், அதுக்கு ஒரு அடி வெளியே படலைக் கட்டிக் கொடியை ஏத்துங்க. இலை மூடுற வரைக்கும் பிளக்ஸ் மறைக்கும். இலை மூடினதும் பிளக்ஸைச் சுருட்டிரலாம். விதைக்கு நாட்டு ரகமாத் தேடுங்க. நல்லாக் காய்ச்ச கொடியில முதல் ரெண்டு மூணு காயை விதைக்குன்னு முத்த விடுங்க. அடுத்த பட்டத்துல பக்கத்து வீட்டு அக்கா வந்து கேட்பாங்க, அவங்களுக்கும் ஒரு கை விதை வேணும்.